மணியை நிறுத்தும் வழி

“மணி வைக்கணுமா? அந்த வயரை வெட்டத்தானே ஊரே என்கிட்ட வருது!” என்று சிரித்தான் மெக்கானிக் கல்ஃபான்.

ஓமானில் விற்கும் கார்களில் வேகம் நூற்றிருபது கிலோமீட்டரைத் தாண்டினால் மணி அடிக்கும். அடங்காமல் அடிக்கும்.

பெரியவர் ஹமூத் சிரிக்கவில்லை. “இது அமெரிக்காவுலேருந்து வரவழைச்ச வண்டி. இதுல மணி கிடையாது. வேகமா ஓட்டுற மாதிரி தயார் பண்ணு. மணியும் வை. உன் கையாலதான் வைக்கணும்.”

கல்ஃபான் பாலைவன வெயில் தாங்கும் ரேடியேட்டரை மாட்டினான். வேகத்துக்கேற்ற டயர் போட்டான். கம்பெனி வைத்திருந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்தான். கடைசியில் மனசே இல்லாமல் மணியையும் பொருத்தினான்.

“ஏறு, சலாலா ரோட்டுல ஓட்டிப் பாக்கலாம்” என்றார் ஹமூத்.

முள் நூற்றிருபதைத் தாண்டியதும் மணி அடித்தது. அவர் இன்னும் மிதித்தார். நூற்றைம்பது. நூற்றெண்பது. மணி காதைக் குடைந்தது.

“போதும் பெரியவரே!”

“என் பையன் ஹைதம் இதே மாதிரி வண்டி வச்சிருந்தான். அதுல மணி இருந்துச்சு. நோன்புக்கு முன்னாடி உன்கிட்ட கொண்டு வந்தான்.”

கல்ஃபானுக்கு நினைவு வந்தது. வயரை வெட்டியதும் கைதட்டிச் சிரித்த பையன்.

எதிரே ஒரு வளைவு. சாலைத் தடுப்பு நசுங்கி, அதில் வெள்ளைப் பெயின்ட் அப்பியிருந்தது.

“இங்கதான் போயிட்டான்.”

ஹமூத் காலை எடுத்தார். வேகம் குறைந்தது. மணி தானாக நின்றது.

“பாத்தியா? இப்படித்தான் அதை நிறுத்தணும். அவன்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்.”