பக்கத்து இருக்கையின் பிரேக்

இன்று முதன்முறையாக மாலை வகுப்புக்குத் தனியாகக் காரோட்டிப் போனேன். இதுவரை அம்மாவும் கூட வருவாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எதிரே எது வந்தாலும், பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்துவாள்.

இன்றும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ மிதிச்சு மிதிச்சே வண்டியில ஓட்டை விழப்போகுது. வீட்டுலயே இரும்மா," என்றேன்.

"சரிங்க மகாராணி," என்று சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு சரியாகவே இல்லை. தெரிந்தும் கிளம்பிவிட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு, நாற்சந்தியில் சிவப்பு விளக்கை நான் கவனிக்கவில்லை. கார் சட்டென்று நின்றது. ஒரு லாரி முன்பக்கத்தை உரசாத குறையாகக் கடந்து போனது. பதற்றத்தில் நானே பிரேக் போட்டிருப்பேன் என்று குனிந்து பார்த்தேன். என் கால் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது.

வகுப்புக்குப் போகாமல் திரும்பினேன். அம்மா அதே நாற்காலியில் வலது பாதத்தைத் தரையில் அழுத்தியபடி இருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது, கால்விரல்கள் வெளுத்திருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வண்டியை நிறுத்திட்டியாடி?"

"நிறுத்திட்டேம்மா."

"அப்ப நான் காலை எடுக்கலாமா?"