பயில்வானுக்குப் பயம் தெளிந்த கதை

"யாருடா அது, வாசல்ல?"

பரிசோதகர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. பயில்வான் ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். கூரியர்காரர் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, கையெழுத்துகூட வாங்காமல் படியிறங்கி ஓடினார்.

முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக்கு யார் வந்தாலும், அதிலும் இளவட்டம் என்றால் கேட்கவே வேண்டாம், டிக்கெட் எடுக்காமல் ஏறியவன் என்றே பார்ப்பார். அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அந்த மூன்று மாத நாய்க்குட்டிதான். பயில்வான் என்று ஆசையாகப் பேர் வைத்ததும் அவரே. பேர்தான் பயில்வான், தைரியம் கடுகளவு.

"இந்த வாரத்துல இது எட்டாவது தடவை," என்றாள் மனைவி, பொட்டலத்தை எடுத்தபடி. "இந்தப் பயந்தாங்கொள்ளியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பேசாம குடுத்த வீட்டுக்கே திருப்பிக் குடுத்துடுவோம்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குடுக்கிறதா? அப்படியே என்னையும் சேர்த்துக் குடுத்துடு!"

மகள் குறுக்கே வந்தாள். "இருங்கப்பா. நான் நாய் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துட்டேன். மூணே வாரத்துல சரியாயிடுமாம். தினம் சாயங்காலம் ஒரே ஆள் வரணும். முதல்ல வாசலோட நிக்கணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள. கையில தின்ன ஏதாவது கொண்டு வரணும்."

"அதுக்கு ஆளுக்கு எங்க போறது?"

"ஒருத்தர் இருக்கார்ப்பா. வரச் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, குட்டி உங்க மடியில இருக்கணும். நீங்க கத்துனா அதுக்கும் பயம் தொத்திக்கும். சிரிச்ச முகமா உட்காரணும்."

சிரிப்பதா! மந்திரியே டிக்கெட் இல்லாமல் வந்தாலும் இறக்கிவிடுகிற மனுஷன் அவர். ஆனாலும் பயில்வானுக்காக ஒத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு ஒல்லிப் பையன் வந்து வாசலில் நின்றான். பரிசோதகர் கஷ்டப்பட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அதைப் பார்த்து அவன் இரண்டு படி கீழே இறங்கிவிட்டான். பயில்வான் பாட்டுக்கு அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் செருப்பு அலமாரி வரைக்கும் வந்தான். குட்டிக்கு பிஸ்கட், அவருக்கு வறுத்த முந்திரி. டாக்டர் அனுப்பிய ஆள்தான் இவன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் கதவோரம் நாற்காலி போடப்பட்டது. "சாப்பிட்டீங்களா சார்?" என்றான். "ம்ம்" என்றார். அந்த வீட்டில் ஒரு வாலிபனுக்கு அதுவரை கிடைத்த பதில்களிலேயே நீளமானது அதுதான்.

பதினாலாம் நாள் சோபாவின் ஓரத்துக்கு வந்துவிட்டான். அன்றைக்குத்தான் பரிசோதகர், ஒரே கழிவறைக்குள் ஒளிந்திருந்த பதினோரு பேரைத் தனியாளாகப் பிடித்த கதையை எடுத்துவிட்டார். மனைவியும் மகளும் அதை நூறு தடவை கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள். இந்தப் பையன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, "பதினோராவது ஆள் எங்க சார் நின்னான்?" என்று வேறு கேட்டான். முப்பத்தைந்து வருடத்தில் யாராவது கேட்ட கேள்வியா அது! மனுஷன் உருகிப்போனார்.

பத்தொன்பதாம் நாள் அவன் வரப் பத்து நிமிஷம் தாமதம். பரிசோதகர் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"என்னம்மா, தம்பியை இன்னும் காணோம்? பயில்வான் ஏங்கிப் போயிட்டான், பாவம்."

பயில்வான் நாலு காலையும் மேலே தூக்கிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் குழாய் ரிப்பேர் செய்ய ஓர் இளைஞன் வந்தான். "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று பரிசோதகர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பயில்வான் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவன் காலை நக்கினான். கட்டில் பக்கமே திரும்பவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குட்டியை யாரும் இனித் திருப்பிக் கொடுக்க முடியாது!

அன்றைக்கே பயில்வானைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார்.

"டாக்டரம்மா, உங்க வைத்தியம் பிரமாதம்! நீங்க அனுப்பின அந்தத் தம்பி இருக்கானே, தங்கமான பையன். கல்யாணம் ஆகலைன்னா சொல்லுங்க, என் மகளுக்கே பேசி முடிச்சுடலாம்னு இருக்கேன்."

டாக்டர் விழித்தார். "தம்பியா? நாங்க யாரையும் அனுப்பலையே சார். ஆமா, எதுக்கு வைத்தியம்?"

"இவனோட பயத்துக்குத்தான்!"

"இவனுக்கா பயம்? போன மாசம் உங்க வீட்டம்மா ஊசி போடக் கொண்டு வந்தப்ப என் செருப்பைத் தூக்கிட்டு ஓடினவன் சார் இவன்!"

"அப்ப... என் மக உங்ககிட்ட வந்து கேட்டாளே?"

"ஓ, நீங்க அவங்க அப்பாவா? கேட்டாங்க. 'நான் கட்டிக்கப்போற பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், ஆனா வாசல்ல ஆளைப் பார்த்தாலே உறுமுது, எப்படி டாக்டர் பழக்குறது?'ன்னு கேட்டாங்க. எல்லாம் சொல்லிக் குடுத்துட்டு, வயசு எவ்வளவுன்னு கேட்டேன். 'அறுபத்தொண்ணு'ன்னுட்டுப் போயிட்டாங்க. ஆமை எப்படி உறுமும்னு மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன் சார்!"