நூற்றுக்கு எட்டு

"எட்டு மார்க்குங்க! நூத்துக்கு எட்டு! பெத்த தாய் நேர்ல வந்து என்னன்னு கேக்க வேணாமா?"

தலைமையாசிரியை சிஸ்டர் ரீட்டா போனில் போட்ட சத்தத்தில், அடுத்த அறையிலிருந்த கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார். சிஸ்டருக்கு மார்க் என்றால் உயிர். ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சிக்கும் சுவரில் ஒரு கோடு போட்டு, மாதாமாதம் அது ஏறுகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிறவர்.

மறுமுனையில், திருப்பூர்ப் பக்கத்து மில் ஒன்றின் சூப்பர்வைசர்.

"ஏனுங்க சிஸ்டர், இங்க சாவுக்கே ஒரு நாள்தான் லீவு. மார்க்குக்கெல்லாம் எப்படிங்க?"

"இங்க ஒரு புள்ளையோட படிப்பே சாகுது. அது சாவு இல்லையா?"

"சரி, அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. பாக்குறேன்."

மேஜை ஓரத்தில் ஒன்பதாம் வகுப்பு ஷர்லி தலைகுனிந்து நின்றாள். அவளுடைய கணக்குப் பேப்பர் முழுக்கச் சிவப்பு மை. சிஸ்டர் படமெடுத்து அனுப்பினார். கல்நெஞ்சக்காரரையும் அந்தச் சிவப்பு அசைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு, திங்கள் காலை ஷிப்டுக்கு ஆள் வந்துவிட வேண்டும் என்று பதில் வந்தது.

ஷர்லியின் தாய் ஆவூர்க்காரி சந்தனமேரி, புருஷன் போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மில்லுக்குப் போனவள். மகளை இங்கே போர்டிங்கில் விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக்கூட லீவு கிடைக்கவில்லை. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறுகளில், தனக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஷர்லி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

ஞாயிறு பூசை முடிந்த நேரம், சந்தனமேரி கேட்டைத் தாண்டி வந்தாள். ஷர்லி ஓடினாள்.

"இம்புட்டு வளந்துட்டியாடி!" மகளின் கன்னத்தை, தோளை, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள் தாய். பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். "எட்டு மார்க்கு வாங்கவாடி ஒன்னைய இங்க விட்டேன்?"

அடித்துவிட்டு அவளே அழுதாள். அடித்த அந்தக் கையை ஷர்லி பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

இருவரும் சிஸ்டர் முன்னால் வந்து நின்றார்கள்.

"இவளுக்குப் படிப்பு ஏறல சிஸ்டர். டி.சி.யைக் குடுத்துருங்க. என்கூடவே மில்லுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சந்தனமேரி.

"என்னம்மா பேசுறீங்க?"

"இவளப் பாக்காம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது சிஸ்டர். படிக்கிறான்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதுவும் இல்லைன்னு ஆயிருச்சு. கண்ணு முன்னாலயாவது இருக்கட்டும்."

ஷர்லி அரண்டுபோய்ச் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டி.சி.ங்கிற பேச்சே வேணாம்மா" என்றார் தணிந்த குரலில். "ஒன்பதாம் வகுப்புல இவதான் ஃபர்ஸ்ட்டு. உங்களுக்கு லீவு வாங்கத்தான் அந்தப் பேப்பரைத் தனியா எழுத வச்சேன். தப்பாப் போடச் சொன்னா இவளுக்குத் தெரியல. நானே பக்கத்துல ஒக்காந்து, ஒவ்வொரு கணக்கையும் எப்படித் தப்பாப் போடணும்னு சொல்லிக்குடுத்தேன். அடுத்த மாசம் சயின்ஸ்ல பெயிலாகுறா, மறக்காம வந்துருங்க."