இடப்பக்கக் கண்

“குஞ்சா இருக்கேக்கை பக்கத்துக்கு ஒரு கண். வளர்ந்த பிறகு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். எந்த நிறத்து மண்ணிலை படுக்குதோ, அந்த நிறம். என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்?”

“நாக்குமீன்!” ஏழாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது.

தயாளினி ரீச்சர் மேசையில் இருந்த பேசினைக் காட்டினார். நிறையத் தண்ணீர். அடியில் கொழும்புத்துறைக் கடற்கரை மண்.

“வசந்தினியின்ரை அப்பா உயிரோடை பிடிச்சுத் தந்தது. இதுக்குள்ளைதான் ஒளிச்சுக் கிடக்கு. கண் இடப்பக்கம் எண்டால் ஒரு இனம், வலப்பக்கம் எண்டால் வேறை இனம். முதல் சரியாச் சொல்லுற ஆள், நாளைக்குக் கண்காட்சியிலை பக்கத்திலை நிண்டு விளங்கப்படுத்தலாம்.”

லக்ஷன் முந்திக்கொண்டு ஓடினான். தூரத்தில் கொழும்பில் வேலைசெய்யும் அவனுடைய அப்பா நாளைக்கு லீவில் வருகிறார். அவர் பார்க்க அவன் அங்கே நிற்கவேண்டும்.

குனிந்தான். மண் தெரிந்தது. இன்னும் குனிந்தான். மண்தான் தெரிந்தது.

பின்னால் வரிசை நெருக்கியது.

“இடப்பக்கம், ரீச்சர்.”

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஓம். வடிவாத் தெரியுது. இடப்பக்கம்தான். கெட்டிக்காரன்!”

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் இடப்பக்கமே தெரிந்தது. நிவேதனாவுக்கு வால் ஆடியதுகூடத் தெரிந்தது.

கஜானி மட்டும் நெடுநேரம் பார்த்தாள்.

“எனக்கு ஒண்டும் தெரியேல்லை, ரீச்சர்.”

“கண்ணை வீட்டை வைச்சிட்டு வந்தனியோ?”

“ரீச்சர், இவளின்ரை கண்ணும் ஒரு பக்கமாப் போட்டுதாக்கும்!” என்றான் லக்ஷன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

“கவனமில்லாத பிள்ளை. போய்ச் சுவரோடை நில்.”

கஜானி போய் நின்றாள்.

அப்போதுதான் வசந்தினி மூச்சு வாங்க வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் தண்ணீர்க் கான். மறுகையில் ஈரச்சாக்கால் மூடிய வாளி.

“குறை நினைக்காதேங்கோ, ரீச்சர். காலமை வந்து பாத்தன், பேசினுக்குள்ளை கிணத்துத் தண்ணியெல்லோ விட்டிருக்கிறியள். நீங்கள் விடச்சொன்ன மீனை அதுக்குள்ளை விடேல்லை, விட்டால் செத்துப்போம். அதுதான் கடல்தண்ணி அள்ளப் போனனான்.”

சாக்கை விலக்கினாள். வாளியின் அடியில் நாக்குமீன் கிடந்தது. கண் இரண்டும் வலப்பக்கம்.

லக்ஷனுக்குக் காது இரண்டும் சுட்டன. அவன் ரீச்சரைப் பார்த்தான். ரீச்சர் பேசினைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார்.

“எனக்கு முதலே தெரியும். ஆர் உண்மை சொல்லுறியள் எண்டு சும்மா சோதிச்சுப் பாத்தனான். கஜானி, நீ வந்து இரு. லக்ஷன், நாளைக்கு நீதான். வலப்பக்கம் எண்டு மாத்திச் சொன்னால் சரி.”

கஜானி வந்து இருந்தாள்.

லக்ஷன் எழும்பிப் போய், சுவரோடு நின்றான்.