பேர் சொல்லிக் கூப்பிட

"கிழவியை விட்டுட்டுக் கிளம்பிடவா?" என்றார் படகுக்காரர் சாகின்.

ஒரு நொடி, 'சரி' என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது நாஸ்குலுக்கு. மடியில் தூங்கும் குழந்தை, தோளில் மாமியாரின் பை, காலையிலிருந்து ஓயாத ஏவல். உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடலாம் போல அவ்வளவு அலுப்பு.

ஏரியில் குளிக்க இறங்கியவர்கள் எல்லாரும் சொட்டச் சொட்டப் படகேறிவிட்டார்கள். "காலை நனைச்சுட்டு வரேன்" என்று போன மாமியார் மட்டும் வரவில்லை. சோல்பான்-அத்தா ஊரின் ஏரிக்கரையில் கூட்டம் ஜேஜே என்றிருந்தது. சோளக்கதிர் விற்பவர்கள் ஒரு பக்கம், அலறும் பாட்டு ஒரு பக்கம். இதில் எங்கே என்று தேடுவது?

இந்தப் பயணமே மாஸ்கோவில் வேலை பார்க்கும் புருஷன் போனில் இட்ட உத்தரவு. போன மாதம் மாமியாரின் ஒரே அக்கா போய்ச் சேர்ந்தாள். "இனி என்னை யாரு கூப்பிடப் போறா?" என்று மாமியார் அழுத அழுகை போனில் அவனுக்கும் கேட்டிருந்தது. "பாவம்டி, நாமளாவது எங்கயாவது போகலாம்னு கூப்பிடணும்" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டு அங்கே இருக்கிறான்!

சாகின் மைக்கைப் பிடித்தார். "வெள்ளை முக்காடு போட்ட பாட்டி! படகு கிளம்புது!"

கரையில் பத்துப் பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். படகே சிரித்தது.

"பேரைச் சொல்லும்மா. பேர் சொன்னாத்தான் வருவாங்க."

மருமகள் மாமியார் பேரைச் சொல்வதாவது! அவர்கள் மொழியில் ஆப்பிளுக்கு 'அல்மா' என்று பேர்; மாமியார் பேரில் பாதி அதுதான் என்பதால், சந்தையில் ஆப்பிளைக்கூட அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை; கையைக் காட்டித்தான் வாங்குவாள். ஒரு தடவை வாய் தவறியபோது, மாமியார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"சொல்லித் தொலையேம்மா, குளிர்ல விறைக்குது!" என்றாள் ஈரத்துணியோடு நின்ற ஒருத்தி.

சாகின் மைக்கை நாஸ்குல் கையில் திணித்தார். "நீயே கூப்பிடு. துறையில அடுத்த கூட்டம் காத்துக்கிட்டிருக்கு. இல்லேன்னா நான் கிளம்பறேன்."

நாஸ்குல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அல்மகான்! அல்மகான்!"

சோளக்காரி பக்கத்தில் ஒரு வெள்ளை முக்காடு சட்டென்று எழுந்தது. அப்படியே நின்றது. பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தது.

மாமியார் படகில் ஏறினாள்.

"யாரு கூப்பிட்டது?"

"நா... நான்தான் அத்தை. மன்னிச்சிடுங்க, வேற வழி தெரியல."

மாமியார் மைக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். நாஸ்குல் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

கிழவி அதையே ஒரு தடவை பார்த்தாள். மைக்கை மறுபடி மருமகள் கையிலேயே வைத்தாள்.

"அக்கா கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சுடி. இன்னொரு தடவை கூப்பிடு."