பலாமரக் காணி

சட்டம் படித்து முடித்து வந்த மர்ஸூக்குக்கு முதல் வழக்கே உம்மாவின் வழக்கு. ஹாலிஎலயில் கங்காணி ரெங்கசாமியின் பலாமரக் காணியை உம்மா வீட்டார் வளைத்துப்போட்ட வழக்கு.

“பயப்படாதீங்க உம்மா. சொந்தக்காரருக்கு வாடகையோ வெளச்சல்ல பங்கோ குடுக்காம பத்து வருஷம் ஆண்டா, காணி நமக்குத்தான்.”

உத்தமமான சட்டம்!

பதுளைக் கோட்டில் உம்மா முஹ்ஸினா சாட்சிக் கூண்டில் நிற்க, மர்ஸூக் முழங்கினான்.

“கனம் நீதிபதி அவர்களே! பத்து வருடமாக இவர்கள் ரெங்கசாமிக்கு ஒரு பலாச்சுளைகூடக் கொடுத்ததில்லை!”

உம்மாவுக்கு முகம் சிவந்தது.

“என்ன மகன், சபையில மானத்த வாங்குற? நாம என்ன கஞ்சங்களா? வருஷா வருஷம் மொதப் பழத்த காணிக்காரருக்கு அனுப்பாம ஒரு சுளையாச்சும் திண்டிருக்கமா?”

குறுக்கு விசாரணைக்கு எழுந்த ரெங்கசாமியின் வக்கீல், உம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.