மூன்றாவது வழி

ஆரம்பாக்கத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் வழிகாட்டி குணா ஆரோக்கியமேரியைத் தடுத்தான்.

“ஆன்ட்டி, இந்த மலைல ஏற மூணு வழி கீது. உங்களுக்கு ஈஸியானதே போதும்.”

“அது ஏறி முடிச்சாச்சுப்பா.”

“அப்ப மீடியம்?”

“போன ஞாயித்துக்கெழம முடிச்சேன்.”

“சூப்பர்! ஆனா கஷ்டமான வழில பழகுன பசங்களே வழுக்கி உழுவாங்க. ஷூ வேற உங்களுக்குப் பெருசா கீது.”

“எம்பையனோடது. அவன் செருப்பு போட்டுக்கினு வந்துட்டான்.”

“எங்க அவரு? கூப்புடுங்க, சேர்ந்தே ஏறலாம்.”

அவள் மலையைப் பார்த்தாள்.

“ஊட்டுக்குக் கூட்டிக்கினு போகத்தான் வந்துக்கீறேன். மழைக்காலத்துக்கு முன்னாடி ஏறுனவன். போலீசு தேடறத உட்டுட்டாங்க. அந்த ரெண்டு வழிலயும் அவன் இல்லப்பா.”